தொண்டி – மண்டபம் கரையில் கயாக் இறக்க இடம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆடி மாதத்தில் தொண்டியிலிருந்து மண்டபம் வரை, கரையை ஒட்டியே கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) ஓட்ட நினைக்கிறோம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா பக்கம் அலை அதிகம், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும் என்பதால்தான் இந்தக் கரை. மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் போகப் போவதில்லை, அது தேசியப் பூங்கா.

எங்களுடையது இருவர் ஓட்டும் கயாக். காரின் கூரையில் கட்டி வருவோம். கனமானது, நெடுந்தூரம் தூக்க முடியாது. அதனால் கார் தண்ணீருக்குப் பக்கத்தில் வரை போக வேண்டும், சக்கரம் புதையாத தரை வேண்டும். இன்னொரு கவலை சேறு. இங்கே கடல் ஆழமில்லாதது, தண்ணீர் கொஞ்சம் வற்றினாலும் தரை வெகுதூரம் வெளியே தெரியும். காலையில் இறக்கிய இடத்தில் மாலையில் முழங்கால் சேற்றில் இழுத்து வர வேண்டியிருக்குமோ?

நம்புதாளை, முள்ளிமுனை, தேவிபட்டினம் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காரங்காட்டில் வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறது, ஆனால் சொந்தக் கயாக்கை அங்கே இறக்க விடுவார்களா?

வலை காயப்போடும் இடத்திலும் நாட்டுப் படகுகள் ஏறி இறங்கும் வழியிலும் நாங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. ஊரில் யாரிடம் முதலில் கேட்பது முறை? மரைன் போலீசிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமா? அப்புறம், காரை இரவு நிறுத்த நம்பகமான இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.