முழுசா வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளயே செத்துப்போகுது, இன்குபேட்டர்ல எங்க கோளாறு?

மொட்டைமாடி_மேடவாக்கம்

எல்லாருக்கும் வணக்கம். மேடவாக்கத்துல தனி வீடு, மாடியில கொஞ்சம் சிறுவிடை கோழி வளர்க்கிறோம். கோழிங்க முட்டை நல்லா வைக்குது ஆனா அடைக்கு உக்கார மாட்டேங்குது, அதனால ஆன்லைன்ல ஒரு சின்ன இன்குபேட்டர் வாங்கினோம், முட்டைய தானாவே திருப்பிவிடுற மாடல், உள்ள ஃபேன் இருக்கு, டெம்பரேச்சர் ஹியூமிடிட்டி ரெண்டும் டிஸ்ப்ளேல வரும். முட்டை எல்லாம் நம்ம வீட்டு முட்டைதான், சேவல் கூடவே திரியுது, ஏழாம் நாள் ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச் அடிச்சு பார்த்தப்போ உள்ள செவப்பு நரம்பு ஓடுறது நல்லாவே தெரிஞ்சுது, கூமுட்டை ஒன்னு ரெண்டு மட்டும் எடுத்துப்போட்டோம்.

மேனுவல்ல மொதல் நாள்ல இருந்தே ஒரு பள்ளத்துல தண்ணி ஊத்தணும், கடைசி மூணு நாள் ரெண்டாவது பள்ளத்துலயும் ஊத்தணும்னு போட்டிருந்துச்சு, அப்படியேதான் பண்ணோம். டெம்பரேச்சர் 37.7. ஹியூமிடிட்டி ஆரம்பத்துல இருந்தே 65ல இருந்து 70 வரைக்கும் காட்டிட்டே இருந்துச்சு. 18ம் நாள் திருப்புறத நிறுத்தி மூடி வச்சுட்டோம்.

21ம் நாள் காலைல ஓட்டுக்குள்ள இருந்து சத்தம் கேட்டுச்சு, சாயந்திரத்துக்குள்ள சிலது வெளிய வந்துடுச்சு, மீதி பாதிக்கும் மேல அசையவே இல்ல. ரெண்டு நாள் பொறுத்து ஒடச்சு பார்த்தா முழு குஞ்சு. இறகு, அலகு, நகம் எல்லாம் வந்து நல்லா வளர்ந்த குஞ்சுங்க ஆனா உடம்பெல்லாம் தொப்பலா ஈரம், ஓட்டுக்குள்ள தண்ணி நிக்குது. என் பொண்ணு அன்னைக்கு சாப்பிடவே இல்ல. அடுத்த தடவை முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி காரணம் தெரிஞ்சே ஆகணும். தண்ணியா, சூடா, முட்டையா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சிறுவிடை_பொன்னேரி

சிஸ்டர், படிக்கும்போதே மனசு கஷ்டமா இருந்துச்சு, கடைசி நாள்ல போறதுதான் ரொம்ப வலிக்கும். நீங்க சொல்றத வச்சு பார்த்தா தண்ணிதான் காரணம், அதுவும் கடைசி மூணு நாள் ஊத்தினது இல்ல, மொதல் 18 நாள் ஊத்தினது.

முட்டை ஓட்டுல கண்ணுக்கு தெரியாத ஆயிரக்கணக்கான ஓட்டை இருக்கு, அது வழியா உள்ள இருக்கிற ஈரம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிட்டே இருக்கணும், அப்படி போற எடத்துலதான் அகலமான பக்கத்துல காத்துப்பை பெருசாகும். 20ம் நாள் வாக்குல குஞ்சு மொதல்ல அந்த காத்துப்பையோட சவ்வத்தான் கொத்தி உள்ள மூக்க விட்டு மூச்சு இழுக்கும், முதல் மூச்சே அங்கதான். அதுக்கப்புறம்தான் ஓட்ட கொத்துறது. பெட்டிக்குள்ள ஈரம் அதிகமா இருந்தா முட்டையில இருந்து தண்ணி வெளிய போகாது, காத்துப்பை சின்னதாவே நின்னுடும், குஞ்சு உள்ள புடைச்சுகிட்டு திரும்பக்கூட எடமில்லாம அந்த தண்ணியிலயே மூச்சு முட்டிப் போயிடும். நீங்க ஒடச்சப்ப பார்த்தது அதுதான்.

பொதுவா மொதல் 18 நாள் 45ல இருந்து 55 சதவீதம் போதும், கடைசி மூணு நாள்தான் 65, 70க்கு ஏத்தணும். கடைசில எதுக்கு ஏத்துறோம்னா ஓடு கொத்தி வர்ற நேரத்துல சவ்வு காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கக்கூடாது, அதுக்குதான். நான் இங்க மொதல் 18 நாள் ஒரு சொட்டு தண்ணி ஊத்துறது இல்ல. கடல் பக்கத்துல இருக்கிற ஊர், காத்துலயே வேண்டிய ஈரம் இருக்கு.

ஏசி_டெக்னீஷியன்_அம்பத்தூர்

மேல அண்ணன் சொன்னது கரெக்ட், அதுக்கு கணக்கும் இருக்கு, என் வேலையே காத்து ஈரத்தோடதான் அதனால சொல்றேன். ரூம்ல 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னு வச்சுக்கோங்க, நம்ம சென்னைக்கு அது சாதாரணம். அதே காத்து பெட்டிக்குள்ள போயி 37.7க்கு சூடானா தண்ணி ஒரு சொட்டு கூடாம குறையாம அதே ஈரப்பதம் 49 கிட்ட வந்துடும், ஏன்னா சூடான காத்து இன்னும் நிறைய ஈரம் புடிக்கும், அதனால சதவீதம் எறங்குது. அப்ப தண்ணியே ஊத்தாம உங்களுக்கு தேவையான 45-55 கெடைச்சுடுச்சு. கார்த்திகை மழையில ரூம் 26 டிகிரி 90 சதவீதம்னு இருந்தாக்கூட உள்ள 46தான் வரும்.

ஆனா ஒன்னு கேக்கணும் மேடம், இன்குபேட்டர் எந்த ரூம்ல இருக்கு? ஏசி ரூமா இருந்தா கதையே வேற. ஏசி 24ல ஓடி ஈரப்பதம் 55ன்னு இருந்தா அந்த காத்து பெட்டிக்குள்ள வெறும் 25 சதவீதம் ஆயிடும், அங்க தண்ணி ஊத்தாம விட்டா முட்டை காஞ்சு சவ்வு குஞ்சு மேல இறுக்கிக்கும். மேனுவல் எழுதுறவங்க வீட்டுக்குள்ள காத்து வறண்டு கிடக்கிற குளிர் ஊரையும் நினைச்சுத்தான் எழுதுறாங்க, அவங்களுக்கு மொதல் நாளே தண்ணி வேணும்தான். நமக்கு எந்த ரூமு, ஏசி ஓடுதா ஓடலையா, அதப் பொறுத்துதான் தண்ணி.

தெர்மாகோல்_பெட்டி_பெரம்பூர்

ரெண்டு பேரும் நேரா தண்ணிக்கு போயிட்டீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், அந்த டிஸ்ப்ளே காட்டுற நம்பர் உண்மைதானான்னு யாரும் கேக்கல. சின்ன இன்குபேட்டர்ல வர்ற சென்சார் ஒரு டிகிரி முன்ன பின்ன காட்டுறது சர்வ சாதாரணம், முட்டைக்கு ஒரு டிகிரிங்கிறது பெரிய விஷயம். சூடு கம்மியா இருந்தாலும் முழு குஞ்சு ஓட்டுக்குள்ள சாகும், ஆனா அப்ப பொரிக்கிறது 22, 23ம் நாளுக்கு தள்ளிப்போகும், மஞ்சக்கரு முழுசா வயித்துக்குள்ள போகாம தொப்புள்கிட்ட தொங்கும். சூடு அதிகமா இருந்தா 19, 20லயே வந்துடும், தொப்புள் சரியா மூடாம இருக்கும், கால் பிளந்து நிக்கும்.

வீட்டுல காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும்ல, அத முட்டை பக்கத்துல படுக்க வச்சு பாருங்க. அது மனுஷன் உடம்பு சூட்டுக்குன்னே செஞ்சது, முட்டைக்கு வேண்டிய 37.5, 37.7 அதே ரேஞ்சுலதான் வருது. ஒரு விஷயம், அது உச்சத்த மட்டும் புடிச்சு வச்சுக்கும், அதனால எவ்வளவு தூரம் மேல ஏறுதுன்னு கண்டுபிடிக்கத்தான் உதவும், கீழ எறங்குறது தெரியாது.

ஹியூமிடிட்டி மீட்டர செக் பண்றது இன்னும் சுலபம். பாட்டில் மூடியில உப்பு போட்டு ரெண்டு மூணு சொட்டு தண்ணி விட்டு சகதியா ஆக்குங்க, கரையக்கூடாது. அதையும் ஒரு தனி மீட்டரையும் ஜிப் கவர்ல போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுங்க, காலைல 75 காட்டணும். 80 காட்டினா மீட்டர் 5 அதிகமா காட்டுதுன்னு அர்த்தம், கழிச்சுக்க வேண்டியதுதான். தனி மீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்கும். இதெல்லாம் பார்க்காம தண்ணிய கூட்டுறதும் குறைக்கிறதும் இருட்டுல கல்லு எறியிற கதைதான்.

என்ன மாதிரி தெர்மாகோல் பெட்டியில பல்பும் தெர்மோஸ்டாட் போர்டும் வச்சு செய்யிறவங்க இன்னொன்னு பாருங்க, நிறைய போர்டு 2 டிகிரி வித்தியாசத்துல ஆன் ஆஃப் ஆகுற மாதிரி செட் பண்ணியே வருது, அத 0.3, 0.5க்கு குறைக்கணும்.

மொட்டைமாடி_மேடவாக்கம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வெவரமா யாரும் சொன்னதில்ல. இன்குபேட்டர் ஹால்ல இருக்கு, ஏசி கெடையாது, ஜன்னல் எப்பவும் தொறந்துதான் இருக்கும். காய்ச்சல் தெர்மாமீட்டர் வச்சு பார்த்தேன், 37.8 காட்டுது, அப்ப சூடு சரியாத்தான் இருக்கு போல, குஞ்சுங்களும் 21ம் நாளே வந்துச்சு, தொப்புள்லயும் எதுவும் தொங்கல. இன்னொரு விஷயம், 18ம் நாள் டார்ச் அடிச்சு எடுத்த போட்டோ போன்ல இருந்துச்சு, எடுத்துப் பார்த்தேன், காத்துப்பை ரொம்ப ரொம்ப சின்னதா இருக்கு, ஏழாம் நாள் போட்டோல இருந்ததவிட கொஞ்சூண்டுதான் பெருசு. பொன்னேரி அண்ணா சொன்னதுதான் போல. உப்பு டெஸ்டுக்கு மீட்டர் வாங்கணும்.

வர்றது கத்திரி வெயில், அந்த நேரத்துல முட்டை வைக்கலாமா? கரண்ட் போனா என்ன பண்றது?

செங்குன்றம்_அக்கா

கண்ணு, வெயில் காலம்னு கேட்டதால சொல்றேன், பெட்டிக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி முட்டைய எங்க எத்தனை நாள் வச்சிருந்தீங்க? அதையும் கவனிக்கணும்மா. ரூம் சூடே 33, 34ன்னு இருந்தா கரு அரைகுறையா முழிச்சுக்கும், வளரவும் முடியாம தூங்கவும் முடியாம பலவீனமாயிடும், அப்புறம் பெட்டியில வச்சா பாதி வழியில நின்னுடும். நாங்க மண்சட்டியில ஆத்து மணல் போட்டு தண்ணி தெளிச்சு, அதுக்கு மேல ஒரு துணி விரிச்சு, அகலமான பக்கம் மேல இருக்கிற மாதிரி முட்டைய அடுக்கி, வீட்டுலயே குளிர்ச்சியான மூலையில வைப்போம். அப்படியும் வெயில் நாள்ல அஞ்சாறு நாளுக்கு மேல ஆன முட்டைய அடைக்கு வைக்க மாட்டோம், சமையலுக்குத்தான். அழுக்கா இருக்குன்னு கழுவிடாதீங்க, ஓட்டு மேல இருக்கிற பூச்சு போயிட்டா கிருமி உள்ள போயிடும், பீ ஒட்டின முட்டைய வைக்காமலே விட்டுடுங்க.

கடையில நாட்டு முட்டைன்னு வாங்கி வச்சு ஏமாறுறவங்களையும் பார்க்கிறேன். நாமக்கல்ல இருந்து வர்ற வெள்ள முட்டை சேவலே இல்லாத பண்ணை முட்டை, அதுல கரு எங்க இருந்து வரும். நல்ல ஜாதி குஞ்சோ கரு முட்டையோ வேணும்னா மாதவரத்துல கால்நடை பல்கலைக்கழகத்துல விசாரிங்க, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையிலயும் கோழி வரும் ஆனா அங்க வாங்கினத கொஞ்ச நாளாவது தனியா வச்சு பார்த்துட்டுத்தான் மத்த கோழிங்களோட விடணும், சீக்கு ஒன்னு வந்தா எல்லாத்தையும் வாரிட்டுப் போயிடும். பொரிச்ச குஞ்சுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து கண்டிப்பா விடுங்க.

இன்னொன்னு கண்ணு, பொரிக்கிறதுல பாதி சேவலாத்தான் வரும். விடியக்காலம் நாலு மணிக்கே கூவ ஆரம்பிக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி அதுங்கள யாருக்கு குடுக்கப் போறீங்கன்னு யோசிச்சு வச்சுக்கோங்க.

சிறுவிடை_பொன்னேரி

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. சிஸ்டர், போட்டோல காத்துப்பை சின்னதுன்னு நீங்களே பார்த்துட்டீங்க, பொரிச்சதும் நாள் தவறாம வந்திருக்கு, அப்ப சூடு இல்ல, ஈரம்தான். அடுத்த தடவை மீட்டர நம்புறதவிட தராச நம்புங்க. சமையலறையில வைக்கிற டிஜிட்டல் தராசு போதும். வைக்கிற அன்னைக்கு முட்டை எல்லாத்தையும் ஒன்னா எடை போட்டு எழுதி வச்சுக்கோங்க. 18ம் நாளுக்குள்ள மொத்த எடையில 11ல இருந்து 13 சதவீதம் குறையணும். பத்து சிறுவிடை முட்டை 450 கிராம்னு வச்சுக்கோங்க, 12 சதவீதம்னா 54 கிராம், ஒரு நாளைக்கு 3 கிராம். ஏழாம் நாள் 429 கிட்ட நிக்கணும், 18ம் நாள் 396 கிட்ட. ஏழாம் நாள் 440 காட்டினா ஈரம் அதிகம், தண்ணி இருந்தா எடுத்துடுங்க, பெட்டியோட காத்து ஓட்டைய முழுசா தொறந்து விடுங்க. 415க்கு போயிட்டா ரொம்ப காயுது, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. கூமுட்டைய எடுத்துப்போட்டா அதோட எடைய ஆரம்ப கணக்குலயும் கழிக்க மறந்துடாதீங்க.

18ம் நாளுக்கு அப்புறம் தண்ணி ஊத்தி 65க்கு மேல கொண்டு வந்துட்டு மூடிய தொறக்கவே கூடாது. மொத ஓட்டை விழுந்து குஞ்சு வெளிய வர 12 மணி நேரம், சிலதுக்கு 24 மணி நேரம்கூட ஆகும், ஒன்னு கஷ்டப்படுதேன்னு நம்ம கையால ஓட்ட உரிச்சா ரத்தக்குழாய் அறுந்து போயிடும், தொறக்கிற நேரத்துல ஈரம் எறங்கி மத்ததுக்கு சவ்வும் காஞ்சுடும். வெளிய வந்த குஞ்சு உள்ளயே இருக்கட்டும், வயித்துல மஞ்சக்கரு இருக்கு, ரெண்டு நாள் தீனி தண்ணி இல்லாம தாங்கும்.

கத்திரியில வைக்கலாம், ஆனா குளிருக்கு பயப்படுறத விட சூட்டுக்கு பயப்படுங்க. அடைக்கோழியே தெனமும் எழுந்து போய் மேஞ்சுட்டு வருது, முட்டை கொஞ்ச நேரம் ஆறினா ஒன்னும் ஆகாது, ஆனா 40ஐ தாண்டிச்சுன்னா கரு சீக்கிரமே போயிடும். மதியம் ஹால் எவ்வளவு சூடாகுதுன்னு முன்னாடியே பார்த்து வச்சுட்டு கீழ்த்தளத்துல காத்தோட்டமான எடமா மாத்துங்க, வெயில் நேரா படவே கூடாது. கரண்ட் போனா மூடிய தொறக்காதீங்க, மேல ஒரு போர்வை போதும், ரெண்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும். 18 நாள் தாண்டின முட்டைன்னா மட்டும் போர்வைய காத்து ஓட்டை மேல போட்டு அடைச்சுடாதீங்க, அந்த நேரத்துல குஞ்சு உள்ள நிறைய மூச்சு வாங்கும், தானாவே சூடும் உண்டாக்கும். இன்வெர்ட்டர் லைன்ல ஒரு பாயின்ட் இழுத்துட்டீங்கன்னா இந்த கவலையே வேண்டாம்.

மொட்டைமாடி_மேடவாக்கம்

இன்வெர்ட்டர் பாயின்ட் ஹால்லயே இருக்கு அண்ணா. சேவலுக்கு எங்க சித்தப்பா மதுராந்தகத்துல தோப்பு வச்சிருக்காரு, அவர்கிட்ட கேட்டுட்டேன், எத்தனை வந்தாலும் அனுப்புன்னு சொல்லிட்டாரு. அக்கா சொன்ன மாதிரி மண்சட்டி எடுத்து மணல் போட்டு வச்சாச்சு, இன்னைக்கு முட்டையில இருந்து சேர்க்கிறேன். தராசுல எடை போட்டு எழுதுற வேலைய என் பொண்ணு நான்தான் பண்ணுவேன்னு நோட்டு எடுத்து வச்சிருக்கா. ஏழாம் நாள் எடை எவ்வளவு வருதுன்னு இங்கயே போடுறேன், பார்த்து சொல்லுங்க.