நீல ஓஎல்இடி ஒன்றரை வோல்ட்டில் எரிந்தால் நமக்கு என்ன லாபம்?

மின்மினி:
டோக்கியோவில் இசாவா என்ற ஆய்வாளரின் குழு 2023-ல் காட்டிய நீல ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் படலம், போன் திரையில் இருப்பது) 1.47 வோல்ட்டிலேயே ஒளிர ஆரம்பிக்கிறது. ஒரு பென்டார்ச் செல் போதும்! வழக்கமான நீலத்துக்குச் சுமார் 4 வோல்ட் வேண்டும். இது போனுக்கு வந்தால் சார்ஜ் இரண்டு மடங்கு நிற்கும்.

சாலிடர் சாமி:
அவசரப்படாதீர்கள். அதன் ஒளி 462 நானோமீட்டர், அதாவது ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) 2.68 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஒரு வோல்ட்டில் ஓர் எலக்ட்ரான் பெறும் ஆற்றல்தான் ஓர் எலக்ட்ரான் வோல்ட். 1.47 வோல்ட்டில் வரும் ஒற்றை எலக்ட்ரானிடம் அவ்வளவு சரக்கு ஏது? இரண்டு டிரிப்லெட்கள் (எலக்ட்ரான் தந்த ஆற்றலைத் தாங்கி நிற்கும் கிளர்வு நிலைகள்) மோதி, ஒன்றின் ஆற்றல் மற்றதற்குப் போய்த்தான் நீலம் வருகிறது. ஆக ஒரு ஃபோட்டானுக்குக் குறைந்தது இரண்டு எலக்ட்ரான் செலவு, 2.94 எலக்ட்ரான் வோல்ட் ஆகிவிட்டது. மிச்சம் எங்கே? வோல்ட்டேஜ் குறைந்தது, மின்செலவு குறையவில்லை. அதுவும் 1.47 என்பது தொடக்கப் புள்ளிதான், 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வர 1.97 வேண்டும்.

கடைசி பெஞ்ச்:
அந்த நீலத்துக்குச் சாமி சொல்வது சரி. ஆனால் வோல்ட்டேஜைக் குறைப்பதே வீண் என்று ஆக்கிவிடாதீர்கள். 1960-களில் ஆந்த்ரசீன் என்ற கரிமப் படிகத்தை ஒளிரவைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. 1987-ல் கோடக் நிறுவனத்தின் டாங்கும் வான்ஸ்லைக்கும் நூறு நானோமீட்டர் அளவில் இரண்டு படலங்களை அடுக்கிப் பத்து வோல்ட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கார்ல் லியோ குழு கடத்தும் அடுக்குகளில் டோப்பிங் செய்தது, அதாவது மின்சாரம் எளிதாகப் பாய வேறு பொருளைச் சிறிது கலந்தது. 2002-ல் 2.9 வோல்ட்டில் 1000 நிட்ஸ் பச்சை! அங்கே மிச்சமானது, அடுக்குகளில் சூடாகி வீணான வோல்ட்டேஜ். ஒளிக்கான கரண்ட் ஏறவில்லை. அசல் லாபம் அதுதான்.

சாலிடர் சாமி:
லேபில் சரி. போனில் ஒவ்வொரு பிக்சலுக்கும் முன்னால் டிரான்சிஸ்டர் உட்கார்ந்து தன் பங்கு வோல்ட்டைத் தின்கிறதே! 2024 ஐபேட் ப்ரோவைப் பாருங்கள், நேர் எதிர்த் திசை. இரண்டு ஒளி அடுக்குகளைத் தொடராக வைத்து வோல்ட்டேஜை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். அதே வெளிச்சத்துக்குப் பாதிக் கரண்ட் போதும், ஆயுளும் கூடும். பிக்சலைத் தேய்ப்பது முக்கியமாகக் கரண்ட்தான்.

மின்மினி:
அடுக்கு இரண்டானால், ஒவ்வொன்றிலும் அரை வோல்ட் குறைத்தாலும் மொத்தத்தில் ஒரு வோல்ட் மிச்சமாகுமே? நீங்கள் காட்டும் ஐபேடுக்குத்தான் இது அதிகம் தேவை.

சாலிடர் சாமி:
டோப்பிங்கால் குறைத்தால் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் 1.47 நீலத்தால் என்றால் மாட்டேன்.