உதவி: பொருளின் நடுவில் கறுப்புத் திட்டு, பின்னணி சாம்பல். அவசரம்!

முத்துச்சரம்27:
வணக்கம். விற்பனைக்காக வீட்டிலேயே படம் எடுக்கிறேன். என்ன செய்தாலும் பின்னணி வெள்ளையாக வரவில்லை, அழுக்குச் சாம்பலாக வருகிறது. போதாததற்குப் பொருளின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. துடைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. பொருளை உள்ளே வைத்துப் படம் எடுக்கும் விளக்குப் பெட்டி ஒன்று வாங்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது. அதிகம் செலவு செய்ய முடியாது. நாளைக்குள் 18 படம் ஏற்ற வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நிழல்தேடி:
என்ன பொருள்? எதில் எடுக்கிறீர்கள், கைப்பேசியா கேமராவா? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஒரு படத்தையாவது போட்டிருக்கலாமே.

வயர்மேன்:
விளக்குப் பெட்டி என்றதுமே புரிந்துவிட்டது. எல்இடி துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். ஷட்டர், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், மிகக் குறைவாக இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

கோந்துக்குப்பி:
அவர் திட்டு என்கிறார், நீங்கள் சொல்வது பட்டை. இரண்டும் ஒன்றா? துடைத்தேன் என்கிறாரே, பொருளையா லென்ஸையா? அதையும் சொல்லவில்லை. எதற்கும் லென்ஸை ஒரு தடவை துடைத்துவிடுங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு.

பழைய_ஷட்டர்:
தம்பி, இதே கேள்விக்கு இங்கே பத்து இழை கிடக்கிறது. தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். பெட்டி வாங்கும் முன்பு கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். சாம்பல் பின்னணிக்குக் காரணம் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு. வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு எதுவும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இதுகூடத் தெரியாமல் விற்பனைக்குப் படம் எடுக்க இறங்கினால்... சரி, விடுங்கள்.

அரைவெளிச்சம்:
ஐயா காரணத்தைச் சொல்லிவிட்டார், செய்முறையை நான் சொல்கிறேன். கைப்பேசி என்றால், திரையில் பொருளின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மெதுவாக மேலே இழுங்கள். கேமரா என்றால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1இல் வைத்துத் தொடங்கலாம். பின்னணி வெளுப்பதற்குள் பொருளே வெளிறிப்போனால் இழுத்தது அதிகம். அப்போது பொருளைப் பின்னணியிலிருந்து ஒரு முழம் முன்னால் தள்ளி, பின்னணிக்கு மட்டும் தனியாக ஒரு விளக்குக் கொடுங்கள்.

முத்துச்சரம்27:
கைப்பேசிதான், பழைய மாடல். பொருள் கம்மல். துடைத்தது கம்மலை. படம் இங்கே எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை. அப்புறம், நான் தம்பி இல்லை.

நிழல்தேடி:
என்ன கம்மல்? துணியா, மரமா, உலோகமா?

முத்துச்சரம்27:
சில்வர் கலர் உலோகம். நல்ல பளபளப்பு. குட்டிக் குமிழ் மாதிரி உருண்டையாக இருக்கும்.

நிழல்தேடி:
அட, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! ஒரு சோதனை செய்யுங்கள். படத்தைக் கிளிக் செய்ய வேண்டாம், திரையை மட்டும் பாருங்கள். கைப்பேசியை இடப்பக்கம் நகர்த்தினால் திட்டும் நகர்கிறதா? கிட்டே கொண்டுபோனால் பெரிதாகிறதா?

முத்துச்சரம்27:
ஆமாம்!! இரண்டும் நடக்கிறது.

நிழல்தேடி:
அது உங்கள் கைப்பேசி. கையும் முகமும்கூட அதில் இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

பளபளப்பான உருண்டை ஒரு குவியாடி. எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிரே இருக்கும் அறை முழுவதையும் சுருக்கிக் காட்டும். தட்டையான தகடாக இருந்தால் கொஞ்சம் சாய்த்துவிட்டுத் தப்பிக்கலாம், உருண்டையில் அதற்கு வழி இல்லை. பெட்டி வாங்கியதும் மோசமானது இதனால்தான். உள்ளே எல்லாப் பக்கமும் வெள்ளை, நீங்கள் படம் எடுக்கும் வாய் மட்டும் இருட்டு. அந்த இருட்டுச் சதுரம் கம்மலின் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. மேலே எல்இடி பட்டை இருந்தால் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சமும் தெரியுமே?

பெட்டியின் வாயை வெள்ளை அட்டையால் மூடுங்கள். நடுவில் லென்ஸ் பார்க்கும் அளவுக்கு மட்டும் ஓட்டை. அதன் வழியாக எடுங்கள். எல்இடிக்குக் கீழே பட்டர் பேப்பரோ டிரேசிங் பேப்பரோ கட்டினால் பொட்டுகள் கரைந்துவிடும், ஆனால் விளக்கைத் தொடாமல் கட்டுங்கள், சூடேறும். கைப்பேசியை முகத்துக்கு நேராக நீட்டுவதுபோல் கம்மலுக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தள்ளி வைத்து 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் எடுத்தபிறகு வெட்டிக்கொள்ளலாம். தள்ளிப் போகப் போகப் பிரதிபலிப்பு சிறுத்துவிடும், கம்மலின் வடிவமும் கோணாது.

வயர்மேன்:
எதற்கும் ஷட்டரையும் பார்த்துவிடுங்கள். பட்டை இல்லை என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

பச்சைத்தவளை:
எதற்கு இவ்வளவு அட்டை வேலை? ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் எல்லாப் பிரதிபலிப்பும் போய்விடும்.

பழைய_ஷட்டர்:
உலோகத்தில் போகாது.

பச்சைத்தவளை:
நான் செய்து பார்த்துச் சொல்கிறேன் ஐயா. ஃபில்டரைத் திருகத் திருக மினுக்கம் அப்படியே மறைந்தது.

பழைய_ஷட்டர்:
எதில் பார்த்தீர்கள்?

பச்சைத்தவளை:
கண்ணாடிப் புட்டியில்.

பழைய_ஷட்டர்:
அதைத்தானே சொல்கிறேன்.

அரைவெளிச்சம்:
இரண்டு பேரும் பார்த்தது சரிதான், பொருள்தான் வேறு. கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் பூசிய மரம் இவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு திசையில் முனைவாக்கம் அடைகிறது, அதாவது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது. கண்ணாடியில், அதன் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரிச் சாய்வில் பார்த்தால் முழுமையாக. அதனால் ஃபில்டர் அதைத் தடுக்கிறது. உலோகத்தில் பட்ட ஒளிக்கு அந்த அளவு முனைவாக்கம் கிடையாது, ஃபில்டரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பச்சைத்தவளை:
விளக்குக்கும் ஒரு போலரைசர் தாள் ஒட்டினால்? அப்போது உலோகத்திலும் மறையும், அதையும் படித்திருக்கிறேன்.

பழைய_ஷட்டர்:
மறையும். கூடவே கம்மலும் மறையும். உலோகத்தில் கண்ணுக்குத் தெரிவதே பிரதிபலிப்புத்தான், அதை எடுத்துவிட்டால் கரித்துண்டு மாதிரிக் கறுத்துக் கிடக்கும். படிப்பது நல்லது, செய்தும் பார்க்க வேண்டும்.

பச்சைத்தவளை:
இப்படிப் பேசித்தான் புதியவர்கள் யாரும் இங்கே கேள்வி கேட்பதில்லை.

கோந்துக்குப்பி:
உங்கள் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மாவுக்கு நாளைக்கு வேலை இருக்கிறது.

முத்துச்சரம் அக்கா, நானும் வீட்டில் செய்த நகைகளைத்தான் விற்கிறேன். நிழல்தேடி சொன்னபடி சுற்றி எல்லாம் வெள்ளையாக்கியபிறகு வேறொன்று நடக்கும்: கம்மல் பிளாஸ்டிக் மாதிரித் தட்டையாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் ஓரமே தெரியாமல் போகும். பயந்து எல்லாவற்றையும் பிரித்துவிடாதீர்கள். விரல் அகலத்துக்குக் கறுப்புத் தாள் இரண்டு கீற்று வெட்டி, கம்மலுக்கு இரு பக்கமும், படத்தில் விழாத தூரத்தில் நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும், உலோகம் உலோகமாகத் தெரியும். எனக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆனது.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: சன்னல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு 2700 பக்கம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் கம்மலின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள், எந்தச் செயலியில் போட்டும் எளிதில் சரிசெய்ய முடியாது. ஒன்று சன்னல் மட்டும், இல்லை பெட்டி மட்டும்.

18 ஜோடி என்பதால் கடைசியாக இது: கைப்பேசியை எதிலாவது சாய்த்து அசையாமல் நிறுத்தி, 2 நொடி டைமரில் எடுங்கள். முதல் கம்மல் சரியாக வந்ததும் கைப்பேசி நின்ற இடம், கம்மல் இருந்த இடம் இரண்டிலும் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். எக்ஸ்போஷர் பூட்டைத் தொடாதீர்கள். மற்ற பதினேழும் மளமளவென்று முடிந்துவிடும்.

நிழல்தேடி:
கறுப்புக் கீற்று அருமை. எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய_ஷட்டர்:
பழைய இழைகளில் இருக்கிறது.

மரச்சீப்பு:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் நான் விற்பது கம்பளித் தொப்பி. கறுப்புத் தொப்பி, படத்தில் சாம்பலாக வருகிறது. இதற்கும் சூரியக் குறியை மேலே இழுக்க வேண்டுமா?

அரைவெளிச்சம்:
கீழே. கறுப்பைப் பார்த்தால் மீட்டர் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். ஆனால் கம்பளி பளபளக்காது, உங்களுக்கு அட்டையும் ஓட்டையும் தேவை இல்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்தால் நூலிழை எழும்பித் தெரியும்.

பழைய_ஷட்டர்:
தொப்பிக்குத் தனி இழை தொடங்கவும்.

நிழல்தேடி:
முத்துச்சரம், என்ன ஆயிற்று? ஏற்றிவிட்டீர்களா?

(இரண்டு நாள் கழித்து)

முத்துச்சரம்27:
எல்லாரும் மன்னிக்கவும், பொட்டலம் கட்டும் வேலை. அட்டையில் ஓட்டை போட்டேன், திட்டு போய்விட்டது. நடுவில் கடுகளவு புள்ளி மட்டும் மிஞ்சியது, லென்ஸ்தான் போல. அதைக் கைப்பேசியிலேயே அழித்துவிட்டேன். கீற்றுக்குக் கறுப்புத் தாள் இல்லை, பழைய நோட்டு அட்டையை வெட்டினேன். 18இல் 16 முடிந்தது.

ஒரே ஒரு சந்தேகம். அதே பெட்டியில் கம்மலைச் சுற்றிக் காட்டிச் சின்ன வீடியோ எடுத்தேன். அதில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அது எதனால்?

வயர்மேன்:
1/50 அல்லது 1/100. முதல் நாளே சொன்னேன்.