கலைச்சொல் இழை: பியானோ வாசிப்பவரை என்னவென்று அழைப்பது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு பாடகரும் ஒரு பியானோக் கலைஞரும் மட்டும் மேடையேறி ஷூபர்ட், ஷூமன், வோல்ஃப் ஆகிய இசையமைப்பாளர்களின் ஜெர்மன் பாடல்களை வழங்கும் கச்சேரிகளைப் பற்றித் தமிழில் எழுத என்னென்ன சொற்கள் வேண்டும் என்ற கேள்வியோடு இந்த இழை தொடங்கியது. வந்த மடல்களில் பெரும்பாலானவை பாடல் வகையின் பெயரைப் பற்றியே பேசுகின்றன. பியானோவின் முன் அமர்ந்திருப்பவருக்கு என்ன பெயர் என்பதை முதலில் தீர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத் தீர்த்தால் மற்றவை எளிதாகும்.

> பக்கவாத்தியம் என்ற சொல் கையிலேயே இருக்கிறது. மதிப்பான சொல். பிறகு ஏன் புதிது?

மதிப்பான சொல் என்பதில் எனக்கு மாறுபாடே இல்லை. அந்தச் சொல் வேறொரு வேலையைக் குறிக்கிறது என்பதுதான் என் தடை. கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின்காரர் ஆலாபனையைக் காதால் பின்தொடர்கிறார். தம் முறை வரும்போது அதே ராகத்தைத் தம் கற்பனையில் விரிக்கிறார். மிருதங்கக்காரர் கீர்த்தனையின் போக்கறிந்து அந்த நொடியில் சொற்கட்டுகளைத் தேர்ந்தெடுக்கிறார். பக்கவாத்தியம் என்றதும் வாசகர் மனத்தில் எழுவது இந்த மனோதர்மம். ஷூபர்ட்டின் பாடலில் பியானோ வாசிப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் குரல் சொல்லாத செய்தியைச் சொல்லும் பொறுப்பு அவருடையது.

‘நூற்புச் சக்கரத்தருகே கிரெட்சென்’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியக் கவிஞர் கெதேயின் ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்தில் வரும் கவிதைக்கு ஷூபர்ட் 1814 அக்டோபரில், தம் 17ஆம் வயதில் இசையமைத்தார். காதலனை நினைத்து மனம் அமைதியிழந்த பெண் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். பியானோவில் வலக்கை ஓயாமல் சுழல்கிறது, அது சக்கரம். இடக்கையில் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் மிதிகட்டையின் துடிப்பு. அவள் காதலனின் நடையை, புன்னகையை, கைப்பிடியை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போய், அவனுடைய முத்தத்தில் வந்து நிற்கிறாள். அங்கே பியானோ நின்றுவிடுகிறது. அவள் கை சக்கரத்தை மறந்துவிட்டது என்பதைக் கவிதையின் எந்தச் சொல்லும் சொல்லவில்லை, பியானோ சொல்கிறது. பிறகு அந்தச் சுழற்சி உடனே முழு வேகம் பிடிப்பதில்லை. ஒரு துணுக்கு, ஒரு நிறுத்தம், இன்னொரு துணுக்கு என்று தயங்கித் தயங்கியே திரும்புகிறது. அந்தத் தயக்கத்தை எவ்வளவு நேரம் நீட்டுவது, அவள் எப்போது மூச்செடுத்து மறுபடி பாடத் தொடங்குவாள் என்பதை இருவரும் சேர்ந்துதான் தீர்மானிக்க முடியும். இந்த இடத்தில் யார் பக்கம், யார் நடு?

> ஷூபர்ட்டே தாம் பாடகர் ஃபோகலுக்குத் துணையாக வாசித்ததாகத்தானே எழுதியிருக்கிறார்? பியானோக் கலைஞர் ஜெரால்ட் மூரும் தம்மைத் துணை வாசிப்பாளர் என்று வெட்கப்படாமல் சொல்லிக்கொண்டவர்.

நல்ல எதிர்வாதம். ஃபோகல் பாட, தாம் வாசித்ததைப் பற்றி 1825இல் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் ஷூபர்ட் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். அதே வாக்கியத்தில், அந்தத் தருணத்தில் தாங்கள் இருவரும் ஒருவராகவே தோன்றுவதாகவும், கேட்பவர்களுக்கு அது முற்றிலும் புதிதாக இருப்பதாகவும் சொல்கிறார். நமக்கு வேண்டிய சொல் இந்தப் பிற்பாதியைக் குறிக்க வேண்டும். மூர் 1962இல் தம் நினைவுக்குறிப்புகளுக்கு ‘என் வாசிப்பு சத்தமாக இருக்கிறதா?’ என்று தலைப்பு வைத்தார். பியானோ என்றால் அடங்கியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு வாழ்நாள் முழுவதும் பழகியவர் வைத்த தலைப்பு அது. இன்று அமெரிக்க இசைப் பள்ளிகளில் இதே துறைக்கு ‘கூட்டுப் பியானோ’ என்ற பொருளில் பெயர் வைக்கிறார்கள். சொல் மாறியதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொரு சான்று. ஷூபர்ட்டின் 600க்கும் மேற்பட்ட பாடல்களை ஹைபீரியன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1987 முதல் 37 தொகுதிகளாக வெளியிட்டது. அதில் பாடகர்கள் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறார்கள். பியானோவில் மட்டும் ஒரே ஒருவர், கிரேயம் ஜான்சன். அந்தப் பெரும்பணி முழுவதையும் தாங்கி நின்றவரைப் ‘பக்க’த்தில் வைத்து எப்படி எழுதுவது?

என் முன்மொழிவு: அந்தப் பணிக்கு ‘இணையிசை’; அதைச் செய்பவர் ‘இணையிசைஞர்’. பாடுபவரும் வாசிப்பவரும் சேர்ந்து ‘இணை’. பீட்டர் பியர்ஸ் – பெஞ்சமின் பிரிட்டன் இணை, பியேர் பெர்னாக் – பிரான்சிஸ் பூலாங்க் இணை, கிறிஸ்டியான் கெர்ஹாஹர் – கெரோல்ட் ஹூபர் இணை என்று எழுதிப் பாருங்கள், தடங்கலே இல்லை. ஒரு நண்பர் சொன்ன ‘இரட்டையர்’ எனக்கும் பிடித்த சொல்தான். ஒருவர் வெண்பாவைத் தொடங்க மற்றவர் முடித்த இரட்டைப் புலவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் இசையுலகில் இரட்டையர் என்றால் ஒரே கலையைச் செய்யும் இருவர் என்று நிலைத்துவிட்டது. ‘கூட்டிசைஞர்’ வேண்டாம், குழுவில் பலரில் ஒருவர் என்ற எண்ணம் வருகிறது.

இனி பாடல் வகை. ‘கலைப்பாடல்’ என்பதைப் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மற்ற பாடல்களில் கலை இல்லை என்று சொல்வது போலிருக்கிறது. இந்த வகை எப்படி உருவாகிறது என்பதையும் அது சொல்லவில்லை. நாம் மெட்டுக்குப் பாட்டு, பாட்டுக்கு மெட்டு என்று இரண்டாகப் பிரித்துப் பேசிப் பழகியவர்கள். இது முழுக்க முழுக்கப் பாட்டுக்கு மெட்டு. கவிஞர் எழுதி அச்சிட்ட கவிதை முன்பே இருக்கிறது. இசையமைப்பாளர் அதைப் படித்து, ஒரு குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதுகிறார். வோல்ஃப் தம் பாடல்களை வெளியிட்டபோது ‘எடுவார்ட் மோரிக்கேயின் கவிதைகள்’ என்றுதான் தலைப்பிட்டார். கவிஞர் பெயர் முன்னால், தம் பெயர் பின்னால். ஆகவே ‘கவிப்பாடல்’ என்கிறேன். ஜெர்மானிய மரபை மட்டும் குறிக்கும்போது, பாடல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லான ‘லீட்’ என்றே எழுதலாம்.

> கவிப்பாடல் என்றால் மெட்டமைத்துப் பாடப்படும் எந்தக் கவிதையும் அதில் அடங்கிவிடுமே?

அடங்காதபடி வரையறையில் ஒரு வரி சேர்ப்போம்: பியானோவின் பகுதியும் இசையமைப்பாளரால் முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மெட்டு மட்டும் இருந்தால் அது கவிப்பாடல் ஆகாது.

ஒன்றாகப் பாடுவதற்கென்று வரிசைப்படுத்திய பாடல் தொடருக்கு, ஆங்கிலத்தின் ‘song cycle’ஐ அப்படியே பெயர்த்து ‘சுழற்சி’ என்று எழுதுவதை எப்படியாவது நிறுத்த வேண்டும். ‘அந்தாதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வெகு நேரம் யோசிக்க வைத்த யோசனை அது. பேத்தோவன் 1816இல் எழுதிய ‘தொலைவிலுள்ள காதலிக்கு’ என்ற தொகுப்பில் ஆறு பாடல்கள். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதற்குள் இடைவெளி இல்லை. பியானோவே கோத்துக்கொண்டு போகிறது. கடைசிப் பாடலில் முதல் பாடலின் மெட்டு திரும்பி வருகிறது. அந்தாதியின் முடிவு அதன் தொடக்கத்தோடு வந்து இணையும் மண்டலித்தல் என்றே சொல்லலாம். ஆனால் ஷூபர்ட் 1827இல் இசையமைத்த ‘குளிர்காலப் பயணம்’ அப்படி இல்லை. வில்ஹெல்ம் மியூலரின் 24 கவிதைகள். ஒவ்வொன்றும் தனியே நிற்கிறது, வரிசையில் வைத்தால் ஒருவனின் பயணம் தெரிகிறது. அவன் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவதும் இல்லை. தனித்தனிச் செய்யுள்கள் துறை துறையாக அடுக்கப்பட்டு ஒரு காதலின் வரலாற்றைச் சொல்லும் இலக்கிய வகை நம்மிடம் இருக்கிறது: கோவை. ‘பாடற்கோவை’ இரண்டு வகைக்கும் பொருந்தும். பேத்தோவனுடையதை மட்டும் வேண்டுமானால் அந்தாதிக் கோவை எனலாம்.

சிறு சொற்கள்: எல்லாக் கண்ணிகளுக்கும் ஒரே மெட்டு என்றால் ‘ஒருமெட்டுப் பாடல்’, கவிதையின் போக்குக்கேற்ப மெட்டு மாறிக்கொண்டே போனால் ‘தொடர்மெட்டுப் பாடல்’. பாடகரின் குரலுக்கேற்பப் பாடலை ஏற்றியோ இறக்கியோ அமைக்கும் சுருதி மாற்றத்துக்குப் புதுச் சொல் தேவையே இல்லை. இதற்காகவே ஒரே பாடலுக்கு உயர்ந்த குரலுக்கும் தாழ்ந்த குரலுக்கும் தனித்தனிப் பதிப்புகள் அச்சிடுகிறார்கள்.

பாடல் முடிந்தபின் பியானோ மட்டும் வாசிக்கும் பகுதிக்கு ‘முத்தாய்ப்பு’ பொருந்தாது. அது முடித்து முத்திரை வைப்பது. ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு ஷூமன் இசையமைத்த ‘கவிஞனின் காதல்’ கோவையில் கடைசிப் பாடல், பழைய கெட்ட பாடல்களையும் கனவுகளையும் காதலையும் ஒரு பெரிய சவப்பெட்டியில் வைத்துப் புதைக்கச் சொல்கிறது. பாடகர் வாய்மூடி நிற்க, பியானோ தொடர்கிறது. 12ஆம் பாடலின் இறுதியில் வந்த இசையை மறுபடி எடுத்து, கவிஞன் புதைக்கச் சொன்னதைப் புதைக்காமல் வாசிக்கிறது. இதற்குப் ‘பின்னிசை’ போதும் என்று நினைக்கிறேன். முன்னிசை, இடையிசையோடு வரிசையாகவும் அமைகிறது.

‘இணையிசைஞர்’ வானொலி அறிவிப்பில் சொல்லக் கடினமாக இருக்குமா என்பது ஒன்றே என் ஐயம். ஒலிபரப்பில் இருக்கும் நண்பர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். தடுமாறினால் ‘இணை வாசிப்பாளர்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘இணை’ மட்டும் போகக் கூடாது.

அன்புடன்