எக்ஸ்எம்எல்-கோடுக்குப் பூச்சியம் போட்டு வாங்கிய அடி

கல்லடியில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பழைய கோபோல் (கணினி மொழி) புரோகிராம்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் இரவு எக்ஸ்எம்எல் வடிவில் (டேக் எனும் குறிகளுக்குள் தகவலை வைக்கும் வடிவம்) வந்த கொடுப்பனவு பைல் ஒன்று பிழையே இல்லாமல் ஓடி முடிந்தது. நிம்மதியாகப் படுத்தேன். விடிந்ததும் அழைப்பு: 240 பதிவு அனுப்பினோம், 113தான் ஏறியிருக்கிறது, மிச்சம் எங்கே?

குற்றவாளி நான்தான். இரண்டு வாரம் முன்னால், பைலைப் படித்துப் பிரிக்கும் பார்சர் ஒவ்வொரு பைலின் கடைசியிலும் கோட் 1 என்ற பிழை எண்ணைத் தந்துகொண்டிருந்தது. அந்த எண் வந்து நிற்கும் இடம்தான் எக்ஸ்எம்எல்-கோட். ஒரு இலட்சம் எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் எக்ஸ்எம்எல் பாதிதான், மீதி முழுக்க லோ-வேல்யூஸ், அதாவது மதிப்புப் பூச்சியமான பைட்டுகள். கடைசி டேக்குக்குப் பின்னால் ஸ்பேஸ் கிடந்தால் பார்சர் கண்டுகொள்ளாது, லோ-வேல்யூ கிடந்தால் கத்தும். உண்மையான நீளத்தைக் கொடுத்திருந்தால் போதும். நானோ, எக்ஸெப்ஷன் ஈவண்ட் (பார்சரின் பிழை அறிவிப்பு) வந்தால் எக்ஸ்எம்எல்-கோடுக்குப் பூச்சியம் போடு என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

அன்றிரவு அந்த வரி கோட் 5ஐயும் விழுங்கியது. 114வது பதிவில் திறந்த டேக்கின் பெயர் ஒன்று, மூடியது வேறொன்று. எங்களிடம் இருப்பது ஐபிஎம் கோபோலின் இரண்டு பார்சர்களில் ஒன்றான காம்பட் பார்சர். இந்த மாதிரிக் கோடுகளைப் பூச்சியமாக்கினால் அது நிற்காது, ஆனால் அதற்குப் பிறகு வேறு பிழை உண்டா என்று மட்டுமே தேடும். பதிவுகளைத் தரும் சாதாரண ஈவண்ட் எதுவும் வராது, கடைசியில் எண்ட்-ஒஃப்-டொக்கியுமெண்ட் என்ற முடிவு அறிவிப்பு மட்டும் வரும். 127 பேரின் பணம் சத்தமில்லாமல் போனது இப்படித்தான். பிழையின்றி முடிந்தால் ஓடும் நொட் ஒன் எக்ஸெப்ஷன் பகுதியில் நான் எழுதிய ‘வெற்றி’ மட்டும் அழகாக அச்சாகியிருந்தது.

இதைப் படித்துவிட்டுக் கல்முனையிலிருந்து ஒரு மூத்தவர் எழுதியது:

தம்பி, மற்றதான எக்ஸ்எம்எல்எஸ்எஸ் பார்சருக்கு மாறினால் அந்தப் பூச்சிய விளையாட்டே நடக்காது, எக்ஸெப்ஷன் என்றால் அதோடு சரி. ஆனால் கோடைப் பார்த்து மிரள வேண்டாம். எனக்கு முதலில் வந்தது 798768. பழைய பட்டியலில் அரை நாள் தேடினேன். அப்புறம்தான் தெரிந்தது, அது இரண்டு எண் ஒட்டியது. 65536ஆல் வகுத்தால் ஈவு 12, அது ரிட்டர்ன் கோட்: எக்ஸ்எம்எல் ஒழுங்காக அமையவில்லை. மீதி 12336, ஹெக்ஸில் (16 அடி எண்முறையில்) 3030, அதுதான் காரணக் கோட். ஹெக்ஸிலேயே அச்சடித்துப் பழகுங்கள்.

அண்ணே, நன்றி. இப்போது அந்த வரியைத் தூக்கிவிட்டேன். கணக்கு இலக்கத்தில் எழுத்து கலந்திருந்தால் மட்டும் எக்ஸ்எம்எல்-கோடுக்கு நானே -1 போட்டு நிறுத்துகிறேன். பிழை வந்தால் ஓடும் ஒன் எக்ஸெப்ஷன் பகுதிக்குப் போன பிறகும் அது -1 ஆகவே இருக்கிறது, நிறுத்தியது பார்சரா நானா என்ற குழப்பம் இல்லை.