ஒன்றரை லட்சத்தில் பழைய எம்.எம். 540: எழுப்பலாமா, விட்டுடலாமா?

திருத்துறைப்பூண்டியான்
சித்தப்பா ஓட்டின 1992 மகிந்திரா எம்.எம். 540, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் ஜீப். களத்து ஓரமா கொட்டகையில பல வருஷமா நிக்குது. ஆர்.சி. புதுப்பிக்கல. பியூஜோ டீசல் இன்ஜின் சுத்துது, ஆனா காலையில ஸ்டார்ட் ஆக ரொம்ப அடம். பிரேக் சுத்தமா இல்ல. எங்க வயலுக்கு வாய்க்கால் கரை மேலதான் போகணும், ஐப்பசி கார்த்திகையில பைக் இறங்கவே இறங்காது. கையில இருக்கிறது ஒன்றரை லட்சம். ஒரு பட்டறையில "இன்ஜினைத் தூக்கிட்டு பொலிரோ இன்ஜின் வச்சு, பளபளன்னு பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்"ங்கறாங்க. செய்யலாமா?

கொரடாச்சேரி விவசாயி
செய்யாதீங்க தம்பி. நம்ம ஊர்ல மலையா இருக்கு? வரப்பைத் தவிர மேடே கிடையாது. சேத்துல இழுக்க டிராக்டர் இருக்கு, ஆள் போக பைக் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணத்தை 5,000-லேருந்து 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. அதுவும் அஞ்சு வருஷத்துக்குத்தான். பசுமை வரி, இன்சூரன்ஸ், தாமதக் கட்டணம் எல்லாம் தனி. குறுவைக்கு உரம் வாங்குற காசை இதுல போடுறது எனக்கு மனசு ஒப்பல.

கும்பகோணம் ஜீப்
அண்ணே, மேடு பள்ளம் மட்டுமா கணக்கு? நம்ம களிமண்ணு மழையில நனைஞ்சா டயரை அப்படியே சுத்தி அப்பிக்கும். பின்சக்கரம் மட்டும் சுத்துற வண்டி அங்கேயே குழி பறிச்சு உக்காந்துரும். முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தா, லோ கியர்ல மெதுவா வெளிய வந்துரலாம்.
தம்பி, பொலிரோ இன்ஜின் நல்ல யோசனைதான். பழைய பியூஜோ 2112 சி.சி., 62 குதிரைத்திறன். பழைய பொலிரோவோடது 2523 சி.சி., இன்ஜின் மெதுவாச் சுத்தும்போதே இழுவை கிடைக்கும். எந்தப் பட்டறையிலயும் வேலை தெரிஞ்சவன் இருப்பான்.

வேதாரண்யம் பட்டறை
இன்ஜின் மாத்துறதுல எனக்கு உடன்பாடே இல்ல.
மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிருச்சு. இன்ஜின் மாத்தணும்னா முறையா அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும். இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப்போகலைன்னா பதிவு புதுப்பிக்கவே முடியாது, விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸும் கை விரிக்கும்.
அடுத்தது, தம்பி சொல்ற குறைக்கு இன்ஜினே மாத்த வேண்டாம். காலையில அடம் பண்ணுதுன்னா முதல்ல ஹீட்டர் பிளக்கைப் பாரு. அந்த இன்ஜின்ல டீசல் நேரா சிலிண்டர்ல பீய்ச்சாது, சின்ன அறையில எரிஞ்சுதான் உள்ள போகும். பிளக் செத்துருந்தா குளிர்ல பத்தவே பத்தாது. அப்புறம் பேட்டரி, டீசல் லைன்ல காத்து இழுக்குதா, டீசல் பீய்ச்சுற நாசில். அதுக்கும் மேல சந்தேகம் இருந்தா கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அழுத்தம்) பாக்கச் சொல்லு. இதையெல்லாம் பாக்காம ரீபோர் (சிலிண்டரைக் கடையுறது) பண்ணணும்னு சொல்றவங்கிட்ட வண்டியை விடாத.

கும்பகோணம் ஜீப்
சட்டம் சரி, ஏத்துக்கிறேன். ஆனா பெயிண்ட், டிங்கரிங் பண்ணாம எப்படிண்ணே? பாடி அரிச்சுப் போயிருக்கும்ல?

வேதாரண்யம் பட்டறை
பாடியில ஓட்டை விழுந்தா தகடு வச்சு ஒட்டிக்கலாம். வண்டியைத் தாங்குற அடிச்சட்டமான சேஸிஸ்ல ஓட்டை விழுந்தா உயிர் போயிரும். எங்க பக்கம் உப்புக் காத்து, அவர் பக்கம் களிமண். சேஸிஸ் பெட்டிக்குள்ள போன சேறு காயாம ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உள்ளேருந்து தின்னும். வெளிய பெயிண்ட் புதுசா இருக்கும், ஸ்பிரிங் பட்டை மாட்டுற இடத்துல சுத்தியலால தட்டினா பொலபொலன்னு கொட்டும். கழிவு ஆயில் அடிச்சா துரு நிக்கும்னு சொல்லுவாங்க, ஆனா அது ரப்பர் புஷ்ஷையும் ஓஸையும் ஊத வச்சுக் கெடுத்துரும். தண்ணி வடியுற ஓட்டையெல்லாம் அடைப்பெடுத்து, நல்லாக் கழுவிக் காய வச்சு, துருத் தடுப்பு அடிக்கிறதுதான் சரி.
வரிசையைச் சொல்றேன்: சேஸிஸ், பிரேக், ஸ்டீரிங், அப்புறம் டயர். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஓஸ், லைனர் எல்லாமே புதுசாப் போடு. முன்சக்கரம் திரும்புற கிங்பின் பேரிங் தேஞ்சிருந்தா வேகத்துல ஸ்டீரிங் கையைப் பிடுங்கும். ஆக்ஸில் மேல இருக்கிற மூச்சுக் குழாயை மறந்துராத. சூடான ஆக்ஸில் திடீர்னு வாய்க்கால் தண்ணியில இறங்கினா உள்ள காத்து சுருங்கும். குழாய் அடைஞ்சிருந்தா சீல் வழியா தண்ணியை உறிஞ்சிரும். ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரத்து ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தா அதுதான் காரணம்.

கொரடாச்சேரி விவசாயி
நீங்க சொல்றதே என் பேச்சைத்தான் நிரூபிக்குது. இவ்வளவும் பாக்க ஒன்றரை லட்சம் பத்துமா?

வேதாரண்யம் பட்டறை
சேஸிஸ் நல்லா இருந்தா, பெயிண்ட்டையும் சீட்டையும் மறந்துட்டா, அந்தக் காசுக்குள்ள முடிச்சிரலாம். சேஸிஸ் போயிருந்தா பத்தாது.

கும்பகோணம் ஜீப்
2018 நவம்பர் 16 கஜா புயல் அன்னிக்கு உங்க பக்கம் எப்படி இருந்துச்சுன்னு தெரியும்ல? ஊருக்கு ஒரு ஃபோர் வீல் வண்டி இருந்தா எவ்வளவு உதவி!

கொரடாச்சேரி விவசாயி
அன்னிக்கு ரோட்டை மறிச்சது சேறு இல்ல தம்பி, தென்னை மரம். ரம்பமும் ஜே.சி.பி.யும்தான் வழி திறந்துச்சு. அதைக் காட்டி வண்டி வாங்கச் சொல்லாதீங்க. மழை நாள்ல நாத்தும் ஆளும் வயலுக்குப் போகணும்னு சொன்னாரு பாருங்க, அது நியாயமான தேவை. அதுக்குன்னா பேசலாம்.

திருத்துறைப்பூண்டியான்
பொலிரோ இன்ஜின் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒருத்தர் "விண்டேஜ் பதிவு பண்ணிக்கலாம்"னு சொன்னார், முடியுமா? ஃபோர் வீல் லிவரை எப்பவும் போட்டே ஓட்டலாமா?

வேதாரண்யம் பட்டறை
விண்டேஜ் முடியாது. 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான் அது, தினசரி ஓட்டவும் கூடாது.
காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போடவே போடாத. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல கிடையாது. திருப்பத்துல முன்சக்கரம் அதிக தூரம் ஓடும், அந்த வித்தியாசம் போக வழியில்லாம ஷாஃப்ட் முறுக்கிக்கும். கியர் எடுக்கக்கூட வராது. சேத்துல சக்கரம் வழுக்குறதால அந்த முறுக்கு தானா விட்டுப் போகும்.

கொரடாச்சேரி விவசாயி
சேஸிஸ் கெட்டியா இருந்தா நான் எதிர்க்கல. அரிச்சிருந்தா அன்னிக்கே நிறுத்திரணும், சித்தப்பா வண்டிங்கிற பாசத்துல மேல மேல போடக் கூடாது.

வேதாரண்யம் பட்டறை
அதுல எனக்கும் அண்ணனுக்கும் ஒரே பேச்சுதான். தம்பி, வண்டியைக் கழுவி, பட்டை மாட்டுற எட்டு இடத்தையும் கியர்பாக்ஸ் தாங்குற குறுக்குச் சட்டத்தையும் தட்டிப் பாத்து போட்டோ போடு. வெல்டு வைக்கிற அளவா, விடுற அளவான்னு சொல்றேன். அதுவரைக்கும் எந்தச் சாமானும் வாங்காத, பட்டறைக்கு முன்பணமும் கொடுக்காத.