மறு: அன்செல்மின் 'சத்திஸ்ஃபாக்சியோ' – 'நிறையீடு' ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாவத்துக்காகக் கடவுளுக்குச் செலுத்த வேண்டியதை அன்செல்ம் 'சத்திஸ்ஃபாக்சியோ' என்ற லத்தீன் சொல்லால் குறிக்கிறார். அதைத் தமிழில் 'நிறையீடு' எனலாமா என்ற பேச்சில் தேவகோட்டை அண்ணன் கேட்டது:

> "இழப்பீடு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஈடு என்றால் நம் பக்கம் நகை அடகுதான் நினைவுக்கு வரும்."

தேவகோட்டை அண்ணன் சொன்னதில் இரண்டாவது பாதி நியாயம். முதல் பாதியை ஏற்க முடியாது. கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098-இல் முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' நூலில், கடவுளின் மாட்சி நம்மால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்கிறார். எதையும் இழக்காதவருக்கு இழப்பீடு எப்படிப் பொருந்தும்? பாவி செலுத்தத் தவறியது கடவுளுக்கு உரிய மரியாதையை. அதையும் செலுத்தி, அவமதித்ததற்காக மேலும் ஒன்று தர வேண்டும். அதுதான் அந்த லத்தீன் சொல். 'கழுவாய்' நல்ல சொல்தான். ஆனால் திருவிவிலியம் அதை உரோமையர் 3:25-க்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'பரிகாரம்' சோதிடர்களிடம் போய்விட்டது.

இரக்கமே உருவான கடவுள் வெறுமனே தள்ளுபடி செய்துவிடக் கூடாதா என்று காரைக்குடியில் எங்கள் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. மத்தேயு 18-இல் வரும் அரசன் பத்தாயிரம் தாலந்து கடனை அப்படித்தானே விட்டுக்கொடுத்தான்! வெறும் தள்ளுபடியில் பாவம் செய்தவரும் செய்யாதவரும் ஒன்றாகிவிடுவார்கள் என்பது அன்செல்மின் பதில். வட்டிக்கடைப் பேரேட்டில் 'தள்ளுபடி' என்று எழுதினால் பாக்கி வராமலே பக்கம் மூடப்படுகிறது. முதலாளியின் மகன் தன் கைப்பணத்தைக் கடன்பட்டவர் பெயரில் வரவு வைத்தால் கணக்கு நேராகிறது. கடன்பட்டவரும் தலைநிமிர்ந்து படியிறங்குகிறார். என் ஒரே மகனை எடுத்து உனக்காகக் கொடு என்று தந்தையே பாவியிடம் சொல்வதை விடப் பெரிய இரக்கம் ஏது என்று நூலின் கடைசிப் பகுதியில் அன்செல்ம் கேட்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். நீதி ஒரு காசு குறையவில்லை. கொடுப்பதற்கான பொருளையும் இரக்கமே தந்துவிடுகிறது.

ஆகவே, கடன் முழுதும் நிறைவதைக் காட்ட, 'ஈடு' என்பதற்கு முன்னே 'நிறை' வர வேண்டும். அடகு என்ற அர்த்தமும் அதனால் விலகும். 'நிறைவீடு' என்றால் நிறை, வீடு என்று பிரித்து மோட்சம் என்று படிப்பார்கள். 'நிறையீடு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. 'கிறிஸ்து நமக்காக நிறையீடு செய்தார்' என வினையாகவும் இயல்பாக நிற்கிறது.

சீர்திருத்தச் சபையினர் கற்பிக்கும் 'நம் தண்டனையை அவர் ஏற்றார்' என்ற கருத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அன்செல்முக்கு ஈடும் தண்டனையும் வேறு வேறு. ஒன்று நடந்தால் மற்றது வேண்டியதில்லை. அந்தத் தண்டனைக் கருத்துக்குத் தனிச்சொல் வேண்டும். 'பதில்தண்டம்' சரிவருமா, அண்ணன்?